ஒயருக்கு வாட்ச் கட்டின கதை!

ஐ.பி.எல். சீசன் வந்தா எல்லாத் தெருவுலயும் நடக்குற கூத்து இது. கடைசி ஓவர், நாலு பந்துல ஒன்பது ரன். நம்ம மொபைல் ஸ்க்ரீன்ல பவுலர் இன்னும் பந்தை பேன்ட்ல தேய்ச்சுக்கிட்டே இருப்பார். அதுக்குள்ள பக்கத்து வீட்ல இருந்து "சிக்ஸ்ஸ்ஸ்!"னு ஒரு அலறல். அங்க கேபிள் கனெக்‌ஷன். கொஞ்ச நேரம் கழிச்சு எதிர்வீட்டு மாடியில இருந்து அதே அலறல். அங்க டிஷ். நாம மட்டும் ரிசல்ட் தெரிஞ்ச பந்தை த்ரில்லோட பார்க்கிற மாதிரி நடிக்கணும்!

"100 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டும் இப்படியா?"னு புலம்பாத ஆள் கிடையாது. மேட்டர் என்னன்னா, இதுக்கும் ஸ்பீடுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. 500-க்கு மாறினாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல்ல கத்துவார். பிரச்னை வேகம் இல்ல பாஸ்... நேரம்! இந்த ரெண்டும் வேற வேறன்னு புரிஞ்ச ஒரு கூட்டம் இன்ஜினீயர்கள் 2004-ல ஒண்ணா உட்கார்ந்தாங்க. வீட்ல இருக்கிற டி.வி., ஸ்பீக்கர், பிளேயர் எல்லாத்தையும் ஒரே லேன் ஒயர்ல கோர்த்துடணும், அதுவும் ஒரு மில்லி செகண்ட் பிசகாமங்கிறது கனவு. ஸ்டாண்டர்டும் ரெடி ஆச்சு. ஆனா வீட்டுக்கு மட்டும் வரல! அது எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரிஞ்சா நாமக்கல்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதல்ல உங்க வீட்டுச் சுவரை மனசுக்குள்ள ஒரு எக்ஸ்ரே எடுங்க. கொஞ்சம் பழைய வீடா இருந்தா மூணு தினுசு ஒயர் ஓடும். கரன்ட் ஒயர், கேபிள் டி.வி. ஒயர், டெலிபோன் ஒயர். மூணும் ஒவ்வொரு வேலைக்காக மட்டும் போட்டது. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பார்க்கணும்னு யாரும் நினைச்சுப் போடல.

அதுல டெலிபோன் ஒயர்தான் முதல்ல டபுள் ஆக்ட் கொடுத்துச்சு. 2005 ஜனவரியில பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' பிராட்பேண்ட் ஆரம்பிச்சப்போ புதுசா எதுவும் தோண்டல. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள்ள முடிஞ்சுடும். இன்டர்நெட்டை அதுக்கு ரொம்ப மேல, 25 கிலோஹெர்ட்ஸ் தாண்டி ஏத்தி விட்டாங்க. நடுவுல தீப்பெட்டி சைஸுல ஒரு ஸ்ப்ளிட்டர். அது இல்லாம போனை எடுத்தா 'உஸ்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் வரும். அண்ணன், அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்க, அந்தச் சத்தத்தை வாயாலயே செஞ்சு காட்டுவாங்க.

கரன்ட் ஒயர்லயும் டேட்டா ஓடும். 'ஹோம்பிளக்'னு 2001-லயே வந்தது. ஒரு பிளக்கை ஹால்லயும் இன்னொண்ணை மாடியிலயும் சொருகினா போதும், சுவத்துக்குள்ள இருக்கிற கரன்ட் ஒயரே லேன் கேபிள். 2005-ல 'ஹோம்பிளக் ஏவி' வந்தப்போ அட்டையில 200 எம்.பி.பி.எஸ்.னு போட்டாங்க. அட்டையில போடுறதுக்கு என்ன காசா பணமா? நம்ம ஊர்ல நிறைய வீட்டுக்கு த்ரீ-பேஸ் லைன். ஹால் ஒரு பேஸ், மாடி இன்னொரு பேஸ்னா ரெண்டு பிளக்கும் ஒழுங்கா பேசிக்காது. அதையும் தாண்டி அம்மா தேங்காய் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டா, அந்த மோட்டாரோட கார்பன் பிரஷ் கிளப்புற பொறி எல்லாம் அதே ஒயர்லதான் கலக்கும். டவுன்லோடு, சட்னி... ரெண்டுல ஒண்ணுதான்! 2009-10 வாக்குல ஐ.டி.யூ. 'ஜி.எச்.என்'னு ஒரு ஸ்டாண்டர்டு கொண்டு வந்து, மூணு ஒயருக்கும் ஒரே சிப் போதும்னு சொன்னது. நல்ல ஐடியாதான், நம்ம பக்கம் பெருசா எட்டிப் பார்க்கல.

இந்த மூணுல கேபிள் டி.வி. ஒயர் மட்டும் ஒரு தனிப் பிறவி. அதுல க்யூவே கிடையாது. எல்லா சேனலும் ஒரே நேரத்துல, வேற வேற ஃப்ரீக்வென்ஸியில, ஊர் முழுக்கப் பாயும். நீங்க பார்த்தாலும் பார்க்காட்டியும் வந்துகிட்டே இருக்கும். அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2007-ல தொடங்கி, 2011-ல மறுபடி உயிர் பெற்று மாசம் 70 ரூபாய்க்குக் கொடுத்தப்போ வீட்டுக்கு வந்தது அனலாக் சிக்னல். அப்ப ஊரே ஒண்ணா கத்தும், ஒண்ணா உச் கொட்டும்! 2017-ல அதுவும் டிஜிட்டலுக்கு மாறுச்சு. சுருக்கி அனுப்பி, செட்டாப் பாக்ஸ்ல பிரிச்சுக் காட்டுற வேலைக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அலறல் தெருவுக்குத் தெரு பிரிஞ்சது அப்படித்தான்.

இப்ப நம்ம ஹீரோ, லேன் ஒயர். அதாவது ஈதர்நெட். 1973-ல அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்துல ராபர்ட் மெட்காஃப் யோசிச்சது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒண்ணோட ஒண்ணு சேர்க்க, பிரின்ட்டருக்கு ஃபைல் அனுப்பத்தான் அது பிறந்துச்சு. பிரின்ட் அரை செகண்ட் லேட்டா வந்தா யாருக்கு என்ன நஷ்டம்? அதனால அதோட கொள்கை ரொம்ப சிம்பிள்: 'கிடைக்கிற கேப்ல அனுப்புவேன், எப்ப போய்ச் சேரும்னு கேட்காத.'

எவ்வளவு லேட் ஆகும்னு கணக்குப் போடலாம், பயப்படாதீங்க. 100 எம்.பி.பி.எஸ். ஒயர்ல ஒரு முழு சைஸ் பாக்கெட், அதாவது 1,500 பைட் சமாச்சாரம், கிளம்ப ஏறக்குறைய 0.12 மில்லி செகண்ட். தம்மாத்தூண்டுதான். ஆனா தம்பி பக்கத்து ரூம்ல படம் காப்பி பண்றான்னு வைங்க. ஸ்விட்ச்சோட வாசல்ல அவன் பாக்கெட் 100 வரிசையில நிக்குது. உங்க பாட்டோட பாக்கெட் 101-வது ஆள். 12 மில்லி செகண்ட் காலி. அவன் நிறுத்தினதும் வரிசை கரைஞ்சு, அடுத்த பாக்கெட் உடனே போயிடும். அதாவது ஒண்ணு லேட்டு, ஒண்ணு சீக்கிரம். இந்த ஏத்த இறக்கத்துக்குப் பேரு ஜிட்டர்.

ஜிட்டருக்கு எல்லாரும் கண்டுபிடிச்ச மருந்து, நம்ம வீட்டு மொட்டை மாடியில இருக்கு. தண்ணித் தொட்டி! காவிரித் தண்ணி எப்ப வரும்னு தெரியாது. வர்றப்ப சம்ப்புல பிடிச்சு, மேல ஏத்தி வெச்சுட்டா குழாயில சீரா வரும். ஸ்ட்ரீமிங்ல 'பஃபர்'னு சுத்துதே, அதேதான். முதல்ல தொட்டியை ரொப்பிட்டுத்தான் குழாயைத் திறக்கிறான். தொட்டி பெருசா இருந்தா தண்ணி நிக்காது, ஆனா நீங்க பார்க்கிறது பழைய தண்ணி. ஐ.பி.எல். அலறல்ல நமக்குக் கடைசி இடம் கிடைக்கிறதுக்கு இந்தத் தொட்டி ஒரு முக்கியக் காரணம்.

ஏற்கெனவே எடுத்து முடிச்ச படத்துக்குத் தொட்டி ஓகே. ஆனா மைக்குக்கு? நீங்க பேசினதும் ஸ்பீக்கர்ல வரணும், மூணு செகண்ட் கழிச்சு வந்தா காமெடி. கேமுக்கு? பட்டன் அழுத்துறதுக்கு முன்னாடியே ஹீரோ காலி. ஹால்ல ஒரு ஸ்பீக்கர், சமையல்கட்டுல ஒண்ணு வெச்சு ஒரே பாட்டை ஓட விடணும்னா? ஆளுக்கு ஒரு தொட்டி, ஆளுக்கு ஒரு அளவு. இங்க சரணம், அங்க பல்லவி!

நம்ம காது இதுல ரொம்பக் கறார். ஆனா அதுலயும் ஒரு ஓரவஞ்சனை இருக்கு. 1998-ல ஐ.டி.யூ. வெளியிட்ட ஒரு பரிந்துரைப்படி, டி.வி.யில உதட்டசைவுக்குச் சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலே ஜனங்க கண்டுபிடிச்சுடுறாங்க. ஆனா 125 மில்லி செகண்ட் பிந்துற வரைக்கும் கண்டுக்கிறதில்ல. ஏன் அப்படி? திருவிழாவுல வாணவேடிக்கையைப் பார்த்திருப்பீங்களே... முதல்ல வெளிச்சம், அப்புறம்தான் 'டமார்'. 34 மீட்டர் தள்ளி நின்னு பம்பை அடிக்கிறவரைப் பார்த்தா, சத்தம் 100 மில்லி செகண்ட் லேட்டாத்தான் வரும். இயற்கையில சத்தம் லேட்டா வர்றது சகஜம், முந்தி வர்றது கிடையவே கிடையாது. மூளை அந்த லேட்டுக்குப் பழகிடுச்சு. 1956-லயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலர்ல எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் சேலம். உதடு ஒட்டாத படத்தை நம்ம பாட்டிங்களே மன்னிச்சிருக்க மாட்டாங்க!

ரெண்டு ஸ்பீக்கர் சமாச்சாரம் இன்னும் மோசம். ஸ்டீரியோவுல இடது, வலது ரெண்டுக்கும் ஒரே ஒரு மில்லி செகண்ட் வித்தியாசம் வந்தாலே பாட்டு மொத்தமும் ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி கேட்கும். ஆடி மாசம் சேலம் குகையில வண்டி வேடிக்கை பார்க்கப் போனவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். ரோடு நெடுக மைக் செட் குழாய் கட்டியிருந்தா, கிட்ட இருக்கிறது சொன்னதையே தூரத்துக் குழாய் திரும்பச் சொல்லும். அங்க ஒயர்ல தப்பு இல்ல, காத்துல சத்தம் நடந்து வர்ற நேரம் அது. பெரிய கச்சேரிகள்ல இதுக்காகவே பின்னாடி ஸ்பீக்கரை வேணும்னே தாமதப்படுத்தி, முன்னாடி இருந்து வர்ற சத்தத்தோட சேர்க்கிறாங்க. எவ்வளவு தாமதம்னு கணக்குப் போடணும்னா எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே கடிகாரம் வேணும். பாயின்ட்டைப் பிடிச்சீங்களா?

டி.வி., கேமரா செய்யறவங்க இதை முன்னாடியே யோசிச்சிருந்தாங்க. 1995-லயே ஃபயர்வயர்னு ஒரு ஒயரை ஸ்டாண்டர்டு ஆக்கினாங்க. செகண்டுக்கு 8,000 தடவை, டாண்ணு 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை, வீடியோவுக்குன்னு இடம் ஒதுக்கி வெச்சிருக்கும். 2000-களில் நம்ம ஊர் கல்யாண வீடியோ ஸ்டுடியோ எதுக்குள்ளயாவது எட்டிப் பார்த்திருந்தா, சின்ன டேப் போட்ட கேமராவையும் கம்ப்யூட்டரையும் அந்த ஒயர்தான் இணைச்சிருக்கும். மூணு மணி நேர முகூர்த்தத்தை ஏத்த மூணு மணி நேரம் ஆகும், ஆனா ஒரு ஃப்ரேம் விடாம ஏறும். வீக்னெஸ் என்னன்னா, சாதாரணமா ஒரு கேபிள் 4.5 மீட்டர்தான். ஹால்ல இருந்து பெட்ரூமுக்கே எட்டாது!

லேன் ஒயரோ 100 மீட்டர் ஓடும், விலையும் கம்மி, உலகம் பூரா கிடைக்கும். அப்ப ஃபயர்வயரோட நேரம் தவறாத குணத்தை லேன் ஒயருக்குக் கத்துக்கொடுத்தா என்ன? 2004-ல ஐ.ட்ரிபிள்.ஈ. அமைப்புக்குள்ள இதுக்காகவே 'ரெசிடென்ஷியல் ஈதர்நெட்'னு ஒரு குழு. அதாவது வீட்டு ஈதர்நெட். 2005-ல அது இடம் மாறி 'ஆடியோ வீடியோ பிரிட்ஜிங்', சுருக்கமா ஏ.வி.பி. ஆச்சு. புது ஒயர் எதுவும் இல்ல. ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கிற மூளையை மட்டும் மாத்தினாங்க. 2009-ல இருந்து 2011-க்குள்ள ஸ்டாண்டர்டுகள் வரிசையா வந்துடுச்சு. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற மாப்ளைங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன்.

முதல் வேலை, எல்லாருக்கும் வாட்ச் கட்டுறது. நெட்வொர்க்ல ஒரு பெட்டி தலைமை கடிகாரம். அது "இப்ப மணி இவ்வளவு"ன்னு சொல்லும். ஆனா அந்தச் சொல் ஒயர்ல போய்ச் சேரவே நேரம் ஆகுமே? அதனால ஒயரோட ரெண்டு முனையில இருக்கிற பெட்டிகளும் "ஹலோ"ன்னு ஒண்ணு அனுப்பி, பதில் வர ஆன நேரத்தை அளந்து, பாதியாக்கி, 'இந்த ஒயரைத் தாண்ட இவ்வளவு நேரம்'னு குறிச்சு வெச்சுக்கும். நடுவுல ஸ்விட்ச்சுக்குள்ள செய்தி எவ்வளவு நேரம் தங்குச்சுங்கிறதையும் கூட்டிக்கும். இதோட பேரு 802.1 ஏ.எஸ். ஏழு தாண்டல் தள்ளி இருக்கிற ஸ்பீக்கர்கூட ஒரு மைக்ரோ செகண்ட் வித்தியாசத்துக்குள்ள அதே மணி காட்டும். ஒரு செகண்டைப் பத்து லட்சமா வெட்டினா வர்ற ஒரு துண்டு அது. எங்க காலேஜ் பெல்லுக்கும் என் வாட்ச்சுக்கும் அஞ்சு நிமிஷம் வித்தியாசம்ங்கிறது தனிக்கதை.

ரெண்டாவது, ரிசர்வேஷன். பாட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே வழியில இருக்கிற ஒவ்வொரு ஸ்விட்ச்கிட்டயும் "எனக்கு இவ்வளவு இடம் வேணும்"னு துண்டு போடணும். எல்லாரும் சரின்னாத்தான் கிளம்பும். ஒருத்தர் கை விரிச்சாலும் கிளம்பாது. பாதி வழியில தெத்துறதை விட அது மேல். பஸ் முழுக்க ரிசர்வேஷன் ஆயிடக் கூடாதுன்னு 75 சதவிகிதம்தான் இந்தக் கணக்குக்கு. மீதி 25 தம்பியோட படக் காப்பிக்கு. அவனும் பாவம்ல!

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. சேலம் புது பஸ் ஸ்டாண்ட்ல டைம் கீப்பரைப் பார்த்திருப்பீங்க. நாமக்கல் போற ரெண்டு தனியார் பஸ், ரெண்டும் ஹாரனை அமுக்கிட்டு, இன்ஜினை உறும விட்டுட்டு நிக்கும். "இன்னும் உன் டைம் வரல, நில்லு"ன்னு அவர் விசில் ஊதுவார். அவர் இல்லேன்னா மூணு பஸ் ஒண்ணா போயிட்டு, அப்புறம் அரை மணி நேரம் ரோட்ல ஈ காக்காய் இருக்காது. ஏ.வி.பி. ஸ்விட்ச்சுக்குள்ள உட்கார்ந்திருக்கிறது அதே டைம் கீப்பர்தான். பாட்டோட பாக்கெட்டா இருந்தாலும் இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார். கும்பலா போனா அடுத்த ஸ்டாண்ட்ல நெரிசல் ஆகுமே! இந்த மூணு வேலையும் சேர்ந்தா கிடைக்கிற வாக்குறுதி: 100 எம்.பி.பி.எஸ். ஒயர்ல ஏழு தாண்டலையும் 2 மில்லி செகண்டுக்குள்ள கடந்துடலாம். தொட்டி தேவையே இல்ல, டம்ளர் போதும்.

இவ்வளவு செஞ்சும் வீட்டுக்கு ஏன் வரல?

என் லேப் சார் சொன்ன காரணம் நறுக்குன்னு இருந்தது: "டைம் கீப்பர் ஒரு ஸ்டாண்ட்ல மட்டும் இருந்தா பத்தாதுப்பா, எல்லா ஸ்டாண்ட்லயும் இருக்கணும்." வழியில இருக்கிற ஒவ்வொரு ஸ்விட்ச்சும் ஏ.வி.பி. தெரிஞ்சதா இருக்கணும். டி.வி. கம்பெனி 'முதல்ல ஸ்விட்ச் வரட்டும்'னு நினைக்க, ஸ்விட்ச் கம்பெனி 'முதல்ல டி.வி. வரட்டும்'னு நினைக்க, நடுவுல வைஃபை வந்து உட்கார்ந்துடுச்சு. ஜனங்களுக்கு ஒயர் இல்லாம இருந்தா போதும், தொட்டி பெருசானா ஆகட்டும். 2003-ல சோனி, இன்டெல் எல்லாம் சேர்ந்து ஆரம்பிச்ச டி.எல்.என்.ஏ. கூட்டணியும் 2017-ல கடையைச் சாத்திடுச்சு. எந்தக் கம்பெனி டி.வி.யும் எந்தக் கம்பெனி பிளேயர்கூடவும் பேசணும்ங்கிறது அவங்க கொள்கை. இன்னிக்கு நிலைமை என்ன? ரூமுக்கு ரூம் ஒரே பாட்டு கேட்கிற ஸ்பீக்கர்கள் வந்துடுச்சு. ஆனா பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிக்காரன் சொந்தமா ஒரு ரகசிய பாஷை வெச்சிருக்கான். அவன்கிட்ட ஒண்ணு வாங்கினா அடுத்ததும் அவன்கிட்டயேதான் வாங்கணும். எல்லாருக்கும் பொதுவா ஒரு கடிகாரத்தை, அதுவும் ஸ்டாண்டர்டா எழுதி வெச்சிருந்தும், வீட்டு வாசல்ல தொலைச்சுட்டோம்னுதான் எனக்குத் தோணுது.

தொலைஞ்சது வேற வாசல்ல போய் நின்னுச்சு. மேடைக் கச்சேரி சிஸ்டம், ரெக்கார்டிங் ஸ்டுடியோ எல்லாம் ஏ.வி.பி.யைக் கையில எடுத்தாங்க. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. 2012-ல குழுவுக்கே பேர் மாத்தி 'டைம் சென்சிட்டிவ் நெட்வொர்க்கிங்', டி.எஸ்.என். ஆக்கினாங்க. ஏன்னா கேட்டு வந்தவங்க டி.வி.க்காரங்க இல்ல, ஃபேக்டரிக்காரங்களும் கார்க்காரங்களும்! பாட்டு தெத்தினா காது வலிக்கும். ரோபோ கை தெத்தினா ஆள் காலி. 2013-ல பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 கார்ல சுத்தி இருக்கிற கேமராக்களுக்கு ஈதர்நெட் போட்டாங்க. 2015-ல ஒரே ஒரு ஜோடி ஒயர்ல 15 மீட்டர் ஓடுற கார் ஈதர்நெட் ஸ்டாண்டர்டு வந்துச்சு. லேன் கேபிள்ல நாலு ஜோடி இருக்கும், இதுல ஒண்ணே ஒண்ணு. எடை மிச்சம், காசு மிச்சம்.

இப்ப நாமக்கல் மேட்டர். பாடி பில்டிங்னா வெளியூர்க்காரங்க ஜிம்மைத் தேடுவாங்க, நாமக்கல்ல லாரி ஷெட்டுக்கு வழி காட்டுவாங்க! ஒரு லாரிக்கு 15 மீட்டர் ஒயர் பத்துமா? கேபின்ல இருந்து பின் கேமரா வரைக்கும் ஃப்ரேமோட வளைஞ்சு நெளிஞ்சு போகணுமே? 2016-ல ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு வந்த அடுத்த ஸ்டாண்டர்டுல இதை யோசிச்சிருக்காங்க. சாதாரண காருக்கு 15 மீட்டர்; பஸ், லாரி மாதிரி நீள வண்டிகளுக்குன்னே கவசம் போட்ட கேபிள்ல 40 மீட்டர் வரைக்கும் ஒரு தனிப் பிரிவு. டி.வி.யையும் ஸ்பீக்கரையும் இணைக்கப் பிறந்த டெக்னாலஜி, நம்ம திருச்செங்கோடு ரிக் வண்டி நீளத்துக்குத் தோதா வளர்ந்திருக்கு. ஈ.சி.இ., ஈ.ஈ.ஈ. மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னமும் லைன் ஃபாலோயர் ரோபோவையே தூக்கிட்டு அலையாதீங்க. 802.1 ஏ.எஸ். கடிகாரத்தை லினக்ஸ்ல 'லினக்ஸ் பி.டி.பி.'ங்கிற இலவச சாஃப்ட்வேர் வெச்சு ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுலயே ஓட்டிப் பார்க்கலாம். நெட்வொர்க் கார்டு ஹார்டுவேர்லயே நேரம் குறிக்கிற ரகமான்னு மட்டும் பார்த்துக்கங்க.

இந்தப் படிப்பெல்லாம் எனக்கு இப்ப எதுக்குக் கை கொடுக்குதுன்னா, ராசிபுரத்துல சித்தப்பா வீடு கட்டிட்டு இருக்கார். பேங்க் லோன் வீடு. கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு. சுவரை வெட்டி பைப் பதிக்கிற கட்டம். எலெக்ட்ரீஷியன் அண்ணா பாயின்ட் கணக்குக்குக் காசு வாங்குறவர். அதனால ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சித்தப்பா முகம் சுருங்குது.

"ஏன்டா, எல்லாம் வைஃபைதானே இப்போ? எதுக்குச் சுவத்துல ஓட்டை?"ன்னார்.

"சித்தப்பா, ரௌட்டர் கீழ ஹால்ல. மேல போக நடுவுல கம்பி கட்டின கான்க்ரீட். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டுறதுக்குள்ள நொந்துடும். அதுவும் இல்லாம வைஃபைங்கிறது ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசுற பஞ்சாயத்து. நகராத டி.வி.யை எதுக்கு அந்தப் பஞ்சாயத்துல சேர்க்கணும்? அது ஒயர்ல போனா, போனுக்கெல்லாம் இடம் காலியா கிடைக்கும்ல?"

"தம்பி சொல்றதும் சரிதானுங்க"ன்னு எலெக்ட்ரீஷியன் அண்ணா நடுவுல வந்தார். "ஆனா கரன்ட் பைப்புலயே அதையும் விட்றலாங்களே, தனியா எதுக்கு?"

அங்கதான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிச்சேன். 230 வோல்ட் ஓடுற பைப்புல லேன் ஒயரை விடக் கூடாது. இரைச்சல் கலக்கும்ங்கிறது ரெண்டாம் பட்சம், எங்கயாவது ஒயர் உரிஞ்சா டி.வி.யைத் தொடுறவங்க கதி? தனி பைப், கொஞ்சம் தள்ளியே போகணும். ஒயரும் சுத்தத் தாமிரமா இருக்கணும். அலுமினியக் கம்பிக்கு மேல தாமிர முலாம் பூசி, அதே நீலக் கலர்ல, பாதி விலைக்கு நீட்டுவாங்க. கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அதுதான். வளைச்சா ஒடியும், தூரம் போனா மக்கர் பண்ணும், ஒயர் வழியா கேமராவுக்குக் கரன்ட் கொடுத்தா சூடாகும்.

சித்திக்கு வேற கணக்கு. "பாப்பா ஆன்லைன்ல வயலின் கத்துக்கிறா. டீச்சர் வாசிக்கிறப்போ இவளும் சேர்ந்து வாசிச்சா ஒட்டவே மாட்டேங்குது. ஒயர் போட்டா சரியாகுமா?"ன்னாங்க. ஆகும்னு சொல்லி ரெண்டு பாயின்ட் கூட வாங்கியிருக்கலாம். ஆனா ஆகாது. ஒயர் நம்ம வீட்டு ஜிட்டரைத்தான் குறைக்கும். டீச்சர் வீட்டுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற ரோடு முழுக்க டைம் கீப்பர் கிடையாது. போதாததுக்கு வீடியோ கால் சாஃப்ட்வேர் தன் பங்குக்கு ஒரு தொட்டி வெச்சிருக்கும். டீச்சர் வாசிச்சு முடிச்சப்புறம் இவ வாசிக்கிறதுதான் வழின்னு உண்மையைச் சொல்லிட்டேன். சித்தி ஏமாந்த மாதிரி பார்த்தாங்க. கடைசியில பைப் மூணுக்கு ஓகே ஆச்சு: ஹால் டி.வி. சுவர், மாடி ஹால், மாடி சீலிங்ல ஒரு வைஃபை பெட்டிக்கு. கேட் கேமராவுக்கு நான் கேட்ட நாலாவது பைப்பை சித்தப்பா சாக்பீஸ் கோட்டோடயே அழிச்சுட்டார்.

'நாங்க இருக்கிறது வாடகை வீடு, பழைய வீடு, சுவரை உடைச்சா ஹவுஸ் ஓனர் எங்களை உடைப்பார்'ங்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. கேபிள் டி.வி. ஒயர் சுவத்துக்குள்ள பைப்ல போற வீடா பாருங்க. செட்டாப் பாக்ஸை நிறுத்திட்டீங்கன்னா அந்த ஒயர் உள்ள சும்மாதான் தூங்குது. அதோட ஒரு முனையில லேன் கேபிளைச் சேர்த்து, இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுத்தி, மறுமுனையில இருந்து இழுத்தா பழசு வெளிய வர வர புதுசு உள்ள போயிடும். எங்க தெரு கேபிள் அண்ணா இப்ப ஃபைபரும் இழுக்கிறார். அதே டி.வி.எஸ். எக்ஸ்.எல்., அதே ஏணி. எங்க வீட்ல அவரே முன்னாடி போட்ட கறுப்பு ஒயரை அவரையே வெச்சு இழுத்தோம். நான் ஒரு பக்கம் வேகமா இழுக்கப் போக, மேல இருந்து சத்தம் போட்டார்:

"மெதுவா தம்பி, மெதுவா... உள்ள ரெண்டு பெண்டு இருக்குது. நான் போட்டது, எனக்குத் தெரியும்!"